அமெரிக்காவுல சொந்தமா தொழில் பண்றீங்களா? கோவிட் லீவ் கிரெடிட் பத்தி யாராவது பேசினா கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

எச்-4 ஈஏடியோ (எச்-1பி வேலை விசால இருக்கவங்களோட துணைக்குக் கிடைக்கிற வேலை அனுமதி) கிரீன் கார்டோ கைக்கு வந்ததும் நம்மாளுங்க நிறைய பேர் சொந்தமாத்தான் எதையாவது ஆரம்பிக்கிறாங்க, பரதநாட்டிய கிளாஸ், கணக்கு ட்யூஷன், மெஹந்தி, இல்லன்னா ஊபர். எச்-1பில இருக்கவங்க மட்டும் தயவுசெஞ்சு இதுல இறங்காதீங்க, ஸ்டேட்டஸுக்கே ஆபத்து. சரி, தொழில் ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே வாட்ஸ்அப்லயோ இன்ஸ்டாலயோ ஒண்ணு வரும், "செல்ஃப் எம்ப்ளாய்டா நீங்க? எஸ்இடிசில (செல்ஃப் எம்ப்ளாய்மெண்ட் டாக்ஸ் கிரெடிட்) 32,220 டாலர் வரைக்கும் கிடைக்கும், இன்னைக்கே அப்ளை பண்ணுங்க"ன்னு. புதுசா வந்தவங்களுக்கு இது நிஜமா பொய்யான்னே புரியாது, ஏன்னா பாதி நிஜம்.

நிஜமான பாதி இது. கோவிட் வந்தப்போ 2020 மார்ச்ல அமெரிக்க அரசாங்கம் ஒரு சட்டம் போட்டுச்சு. கம்பெனில வேலை பாக்குறவங்களுக்கு சம்பளத்தோட லீவ் கொடுக்கச் சொன்னாங்க, சொந்தத் தொழில்காரங்களுக்கு லீவ் கொடுக்க யாரு இருக்கா, அதனால அதுக்கு ஈடா டாக்ஸ்ல கிரெடிட். ஃபார்ம் 7202னு ஒண்ணை நிரப்பி 1040 ரிட்டர்னோட (வருஷா வருஷம் போடுற வருமான வரிக் கணக்கு) சேர்த்து அனுப்பணும். கட்ட வேண்டிய டாக்ஸ் சைபரா இருந்தாலும் இந்தப் பணம் ரீஃபண்டா கைக்கு வரும், அதான் இதோட பெரிய விஷயமே. 2020 ஏப்ரல் 1ல இருந்து 2021 செப்டம்பர் 30 வரைக்கும் வேலை செய்ய முடியாம போன நாட்களுக்கு மட்டும்தான் இது.

கணக்கு எப்படின்னா, வருஷத்தோட நிகர சம்பாத்தியத்தை 260ஆல வகுத்தா ஒரு நாள் வருமானம் வரும். ஒருத்தருக்கு 2020ல 52,000 டாலர் நிகரமா வந்துச்சுன்னா ஒரு நாளைக்கு 200. அவருக்கே காய்ச்சல் வந்து டெஸ்ட்டுக்கு அலைஞ்சாரு, இல்ல டாக்டர் தனியா இருக்கச் சொன்னாருன்னா அந்த 200 முழுசா, 10 நாள் வரைக்கும், எவ்வளவு சம்பாதிச்சிருந்தாலும் ஒரு நாளைக்கு 511 டாலருக்கு மேல கிடையாது. குழந்தையோட ஸ்கூல் மூடிட்டாங்க, பாத்துக்க ஆள் இல்ல, வேலைக்குப் போக முடியலன்னா 67 சதவீதம், அதாவது 134 டாலர், 50 நாள் வரைக்கும் (இதுக்கு உச்சவரம்பு ஒரு நாளைக்கு 200 டாலர்). ஸ்கூலுக்கு மட்டுமே அவருக்கு 6,700 வந்திருக்கும், சின்ன தொகை இல்ல. 2021 ஏப்ரல்ல எண்ணிக்கை மறுபடி முதல்ல இருந்து, ஸ்கூலுக்கு 60 நாளா ஏத்துனாங்க. எல்லா வரம்பையும் எல்லா நாளையும் கூட்டினாத்தான் அந்த 32,220, எல்லாத்துலயும் உச்சத்தைத் தொட்டவங்களுக்குத்தான் அது. விளம்பரத்துல அந்த ஒரு நம்பரை மட்டும் பெருசா போடுவாங்க.

இப்போ உங்க கதைக்கு வருவோம். நீங்க 2022லயோ அதுக்கப்புறமோ வந்தீங்கன்னா இதுல உங்களுக்கு ஒரு டாலர் கூட கிடையாது. அந்த ரெண்டு வருஷம் சென்னைலயோ கோயம்புத்தூர்லயோ சொந்தத் தொழில் பண்ணிட்டு இருந்தோம்னு சொன்னாலும் செல்லாது, இங்க செல்ஃப் எம்ப்ளாய்மெண்ட் டாக்ஸ் (சொந்தத் தொழில் வருமானத்துக்குக் கட்டுற டாக்ஸ்) கணக்குல வந்த வருமானம்தான் கணக்கு. முன்னாடியே வந்தவங்களுக்கும் இப்போ கதவு சாத்தியாச்சு. பழைய ரிட்டர்னைத் திருத்தி ரீஃபண்ட் கேக்க பொதுவா ஃபைல் பண்ணதுல இருந்து மூணு வருஷம்தான் டைம், பெரும்பாலானவங்களுக்கு 2020க்கானது 2024 மே மாசத்தோடயும் 2021க்கானது 2025 ஏப்ரலோடயும் முடிஞ்சு போச்சு. "செல்ஃப் எம்ப்ளாய்மெண்ட் டாக்ஸ் கிரெடிட்"னு இவங்க விக்கிற மாதிரி எல்லாருக்குமான ஒரு கிரெடிட் இல்லவே இல்லன்னு அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ்ஸே 2024ல எச்சரிக்கை விட்டுச்சு.

ஆனாலும் ஏஜெண்ட்டுங்க விடல. ரீஃபண்ட்ல இத்தனை பர்சண்ட்னு ஃபீஸ் கேக்குறவங்க, ரிட்டர்ன்ல தன் கையெழுத்தும் பிடின் நம்பரும் (காசு வாங்கி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்குறவங்களுக்கு ஐஆர்எஸ் கொடுக்குற நம்பர்) போடாதவங்க, இவங்க பக்கமே போகாதீங்க. அவங்க கமிஷனை வாங்கிட்டு கம்பி நீட்டிடுவாங்க, ரிட்டர்ன்ல இருக்கிறது உங்க பேரு உங்க எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி நம்பர்), பணத்தையும் வட்டியையும் திருப்பிக் கட்டுறது நீங்கதான், தப்பா கேட்ட தொகைல 20 சதவீதம் அபராதமும் விழலாம். கிரீன் கார்டு, சிட்டிசன்ஷிப்னு போற நம்ம மாதிரி ஆளுங்களுக்கு டாக்ஸ் ரெக்கார்டு சுத்தமா இருக்கிறது எவ்வளவு முக்கியம்னு நான் சொல்லணுமா.

உங்க சொந்தக்காரங்க யாராவது அப்போ நியாயமாவே வாங்கியிருந்தா அந்த பேப்பர் எதையும் தூக்கிப் போட வேண்டாம்னு சொல்லுங்க. டாலஸ்ல எனக்குத் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் ஏர்போர்ட் ட்ரிப் ஓட்டிட்டு இருந்தாரு, ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் அனுப்புன ஈமெயில், கோவிட் டெஸ்ட் ரிசல்ட், எந்தெந்த தேதில வண்டி எடுக்கலன்னு டைரில எழுதுனது, எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல வெச்சிருந்தாரு. ஐஆர்எஸ்ல இருந்து கேள்வி கேட்டு லெட்டர் வந்தா அந்த ஃபைல்தான் பேசும். ஐஆர்எஸ் முதல்ல போஸ்ட்லதான் லெட்டர் அனுப்பும், அதுல போட்டிருக்க தேதிக்குள்ள பதில் போயாகணும். ஏஜெண்ட் பேச்சைக் கேட்டு தப்பா வாங்கிட்டவங்க லெட்டர் வர்ற வரைக்கும் காத்திருக்காம 1040-எக்ஸ் (பழைய ரிட்டர்னைத் திருத்துற ஃபார்ம்) போட்டு தாங்களே திருத்திடுறது நல்லது.

சரி, இப்போ உடம்புக்கு முடியலன்னா சொந்தத் தொழில்காரங்க என்ன பண்றது? ஃபெடரல்ல அந்த மாதிரி லீவ் கிரெடிட் இப்போ எதுவும் இல்ல. சில ஸ்டேட்ல லீவ் எடுத்தா பணம் கொடுக்குற ஸ்டேட் திட்டத்துல நீங்களா பிரீமியம் கட்டி சேர்ந்துக்கலாம், கலிஃபோர்னியா, வாஷிங்டன், மாசசூசெட்ஸ், நியூயார்க்ல இருக்கு, ஆனா சேர்ந்துட்டு மறுமாசமே விலக முடியாது, விதியைப் படிச்சுட்டு சேருங்க. குழந்தை பெத்துக்குற யோசனைல இருக்கவங்க கண்டிப்பா பாருங்க. டெக்சஸ்ல அப்படி ஒண்ணும் கிடையாது, அங்க இருக்கவங்க தனியா டிசெபிலிட்டி இன்ஷூரன்ஸ் வாங்குறதைப் பத்தி யோசிக்கணும், கையில ரெண்டு மூணு மாச செலவுக்காவது பணம் ஒதுக்கி வெக்கணும்.

இதோட ஒண்ணு, வருஷத்துல நிகரமா 400 டாலர் வந்தாலே ஷெட்யூல் எஸ்இ (செல்ஃப் எம்ப்ளாய்மெண்ட் டாக்ஸ் கணக்கு போடுற ஃபார்ம்) போடணும், காசா வாங்குற கிளாஸ் ஃபீஸும் சேர்த்துதான். வருமானத்தைக் காட்டாம விட்டவங்களால 2020ல இந்த கிரெடிட்டை வாங்கவே முடியல, கணக்குல இல்லாத வருமானத்தை 260ஆல எப்படி வகுக்கிறது? நியூயார்க்ல இருந்தீங்கன்னா தேதியையும் பாத்துக்கோங்க, தொழில் ஆரம்பிச்ச 26 வாரத்துக்குள்ள பெய்ட் ஃபேமிலி லீவ்ல (மேல சொன்ன ஸ்டேட் திட்டம்) சேரலன்னா அப்புறம் சேர்ந்தாலும் ரெண்டு வருஷம் காத்திருந்துதான் பணம் கேக்க முடியும்.