கொந்தளித்து நிற்கும் மாணவரை அணுகும் முறை: எல்லைப்புறப் பள்ளி ஆசிரியர்களுக்கு

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலோ மூணாறு தோட்டப் பகுதியிலோ தமிழ்வழி வகுப்பெடுக்கும் ஆசிரியருக்கும், அங்குள்ள விடுதிக் காப்பாளருக்கும், பெஞ்சைத் தள்ளிவிட்டுக் கத்தும் பதின்வயது மாணவன் புதியவன் அல்லன். அந்த நேரத்தில் நம் வேலை ஒன்றே: யாருக்கும் அடிபடக் கூடாது. மன்னிப்பும் ஒழுங்கு நடவடிக்கையும் பிறகு வரட்டும்.

கோபம் உச்சத்தில் இருக்கும்போது அச்சத்தையும் கோபத்தையும் கிளப்பும் மூளைப் பகுதியான அமிக்டலா முந்திக்கொள்கிறது. நிதானித்து முடிவெடுக்க உதவும், நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதியோ இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருப்பது. ஆகவே "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று அப்போது கேட்டால் அவனிடம் பதில் இருக்காது.

முடிந்தால் அதற்கு முன்பே கவனியுங்கள். தாடை இறுகுவது, கால் ஓயாமல் ஆடுவது, வாயாடி திடீரென மௌனமாவது ஆகியவற்றைக் கண்டால், சாக்பீஸ் வாங்கிவர அனுப்புவதே பல நேரங்களில் போதும்.

வெடித்துவிட்டால், அவனை வெளியே இழுக்காமல் மற்ற மாணவர்களை வெளியே அனுப்புங்கள். வகுப்பின் முன் தோற்றுவிடக் கூடாது என்ற எண்ணமே அவனைப் பெரிதும் உசுப்புகிறது. இரண்டு கை தூரம் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில், கைகள் தெரியும்படி நில்லுங்கள், வாசலை மறிக்காதீர்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியர்கள் உதவ ஓடிவந்து சூழ்ந்துகொள்வது நல்லெண்ணம்தான், ஆனால் அவனுக்கு அது முற்றுகை. ஒருவர் மட்டும் பேசட்டும். அவர், மலையாளத்தில் அதட்டக்கூடிய மூத்தவராக இருப்பதைவிட, அவன் வீட்டில் பேசும் தமிழில் தாழ்ந்த குரலில் பேசக்கூடிய, அவனுக்குப் பழக்கமானவராக இருப்பது நல்லது. "தம்பி, கோபமா இருக்கேன்னு தெரியுது. வராந்தாவுல நிக்கிறியா, இங்கேயே உட்கார்றியா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். "அப்பாவைக் கூட்டிட்டு வா" என்ற மிரட்டல் வேண்டாம். தோட்டத் தொழிலாளிக்கு அது ஒரு நாள் கூலி இழப்பு என்பது பிள்ளைக்குத் தெரியும், அச்சம் கோபத்தோடு சேர்ந்துகொள்ளும்.

தொடாதீர்கள். அடிப்பது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி தடைசெய்யப்பட்டது. மனரீதியாகத் துன்புறுத்துவதும் அவ்வாறே. உயிர் காக்கப் பிடித்தே ஆகவேண்டிய நிலையிலும் குப்புறக் கிடத்துவதோ, முதுகையோ கழுத்தையோ அழுத்துவதோ மூச்சை அடைத்து உயிரைப் பறிக்கக்கூடும். கையில் கத்தரியோ காம்பஸோ இருந்தால் பறிக்க முயலாமல் விலகி, மற்றவர்களை அகற்றி, அவசர உதவி எண் 112ஐ அழையுங்கள்.

குரல் தணிந்தாலும் உடல் அடங்க அரைமணியோ அதற்கு மேலோ ஆகலாம். அதுவரை தண்ணீரும் தனிமையும் போதும், ஆனால் கண்பார்வையில் இருக்கட்டும். தற்கொலை பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலும் பேசலாம். வீட்டில் கொடுமை நடப்பதாகத் தோன்றினால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள்.

அன்றே எழுதிவையுங்கள்: எந்தப் பாடவேளை, சற்றுமுன் என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள். "அடங்காதவன்" போன்ற அடைமொழிகள் குறிப்பேட்டில் பயன்படா. மதிய உணவுக்கு முன்பே எப்போதும் வெடிக்கிறான் என்ற விவரமோ, அவன் மலையாள உச்சரிப்பை யாரோ கேலிசெய்தார்கள் என்ற விவரமோ பயன்படும். உடைந்த பெஞ்சுக்குப் பெற்றோரிடம் பணம் கேட்காமல், தச்சர் வரும் நாளில் அவனையும் உடன் நிறுத்திச் சரிசெய்ய வையுங்கள்.