எந்த ஏ.ஏ. மீட்டிங்குக்குப் போவது?

ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்களும் விட்டவர்களும் கூடிப் பேசுகிற குழு. அதன் முதல் மீட்டிங்குக்குப் போன அன்று நான் வாசல் வரை போய்விட்டுத் திரும்பிவிட்டேன். ஒரு சர்ச் வளாகத்தின் பின்பக்க அறை, வெளியே செருப்புகள், உள்ளே யாரோ பலமாகச் சிரிக்கிற சத்தம். குடியை விட்டவர்கள் சிரிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை, தப்பான இடத்துக்கு வந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் உள்ளே போய் உட்கார்ந்தேன். உங்களுக்கு அந்த ஒரு வாரம் வீணாக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மீட்டிங் தேடுவதற்கு முன்னால் ஒன்று. தினமும் நிறையக் குடிப்பவர் என்றால், இன்றோடு நிறுத்துகிறேன் என்று வீட்டுக்குள் பூட்டிக்கொண்டு உட்காராதீர்கள். திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு இரண்டு மூன்று நாளுக்குள் கைநடுக்கம் முற்றி வலிப்பு வரும், இல்லாத ஆள் எதிரே நிற்பதுபோல் தெரியும், உயிருக்கே ஆபத்தாகலாம். அதற்கு மருத்துவமனைதான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. என்ற குடிநோய் சிகிச்சை மருத்துவமனை இருக்கிறது, எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், கட்டணம் கிடையாது. மீட்டிங் என்பது சிகிச்சை இல்லை, சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு வருகிற சாயங்காலங்களுக்கானது.

சரி, எந்த மீட்டிங்? ஆட்கள் எப்படி, ஹால் எப்படி என்றுதான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். நான் கிழமையையும் மணியையும் பார்க்கச் சொல்வேன். டாஸ்மாக் மதியம் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்குச் சாத்துகிறது. அதில் உங்களுக்கு வாய் ஊறுகிற நேரம் எது? எனக்கு வேலை விட்டு வரும் 7 மணி. 7 மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடிகிற மீட்டிங்காகப் பிடித்தேன், முடிந்து டீ குடித்து வீடு வந்து சாப்பிட்டால் கடை சாத்துகிற நேரம் நெருங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை மீட்டிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும், சனிக்கிழமை ராத்திரி விழுகிறவருக்கு அது பாதி உதவிதான். அப்புறம் போகிற வழி. என் பழைய கடையைத் தாண்டித்தான் ஒரு மீட்டிங்குக்குப் போகவேண்டும், அதை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி இன்னொன்றுக்குப் போனேன்.

தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்று பயந்து ஊர்க்கோடியில் ஒரு மீட்டிங்கைத் தேர்ந்தெடுத்தால், மழை பெய்தால் போகமாட்டீர்கள், வண்டி ரிப்பேர் என்றாலும் போகமாட்டீர்கள். அந்தப் பயம் இருந்தால் க்ளோஸ்டு மீட்டிங் பாருங்கள். குடியை விடவேண்டும் என்று நினைப்பவர்கள் மட்டும்தான் அங்கே வரலாம், தெரிந்தவர் இருந்தாலும் அவரும் உங்களைப் போலத்தான் வந்திருப்பார். ஓப்பன் மீட்டிங்கில் குடும்பத்தார், மருத்துவ மாணவர்கள் என்று யாரும் உட்காரலாம். மனைவியையோ அம்மாவையோ கூட்டிப் போய் இது என்னவென்று காட்ட அது நல்லது. அவர்களுக்கென்றே அல்-அனான் என்று தனியாக ஒன்று 1951 முதல் இருக்கிறது, அதில் நமக்கு வேலை இல்லை.

ஏ.ஏ. இந்தியா இணையதளத்தில் ஊர்வாரியாகத் தேடலாம். ஆனால் போவதற்கு முன் போன் பண்ணிக் கேட்டுவிடுங்கள்: அதே கிழமை, அதே நேரம்தானா, தமிழா இங்கிலீஷா. சென்னையில் இரண்டு மொழியிலும் நடக்கிறது. ஆபீஸில் எவ்வளவு இங்கிலீஷ் பேசினாலும், வீட்டில் எந்த மொழியில் சண்டை போடுகிறீர்களோ அந்த மொழி மீட்டிங்குக்குப் போங்கள்.

உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று சொல்லிப் பேசுவார்கள், குறுக்கே யாரும் பேசமாட்டார்கள். உங்கள் முறை வந்தால் பேசவில்லை என்று சொல்லலாம், நான் முதல் மூன்று மீட்டிங் வாயே திறக்கவில்லை. கட்டணம் கிடையாது. செலவுக்கென்று உறுப்பினர்கள் மட்டும் முடிந்ததைப் போடுவார்கள், முதல் நாள் வந்தவர் போடவேண்டியதில்லை. ஆயிரக்கணக்கில் பணம் கட்டச் சொன்னால் நீங்கள் போயிருப்பது ஏதோ மறுவாழ்வு மையம், ஏ.ஏ. இல்லை.

கடவுள் பேச்சு வரும். குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் 12 படிகளில் அது இருக்கிறது, மறைத்துப் பயனில்லை. நடப்பது சர்ச் ஹாலில் என்றாலும் அது மதக் கூட்டம் இல்லை, எங்கள் குழுவில் சாமியே கும்பிடாத இரண்டு பேர் வருடக்கணக்காக வருகிறார்கள். அப்படியும் ஒத்துவரவில்லை என்றால் 1994-ல் தொடங்கிய ஸ்மார்ட் ரெகவரி என்று இதேபோல் கூடிப் பேசுகிற இன்னொரு அமைப்பு ஆன்லைனில் இருக்கிறது, அதில் கடவுள் இல்லை, பெரும்பாலும் இங்கிலீஷ். ஆண்கள் நடுவே பேசக் கூச்சமாக இருக்கிற பெண்களுக்கு, பெண்கள் மட்டும் கூடும் ஆன்லைன் மீட்டிங்குகள் உண்டு.

ஒரே ஒரு முறை போய்விட்டு முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு குழுவும் தன் போக்கில் நடப்பது, ஒன்றில் ஒரே ஆள் அரைமணி நேரம் அறுப்பார், அடுத்ததில் உங்கள் கதையை யாரோ உங்களுக்கு முன்பே சொல்லிவிடுவார். இரண்டு மூன்று குழுக்களில் ஆறு தடவையாவது உட்கார்ந்து பாருங்கள். மீட்டிங் முடிந்ததும் ஓடாமல் வெளியே டீக்கடையில் நில்லுங்கள், போன் நம்பர் கைமாறுவது அங்கேதான். யாருக்கு ராத்திரி 11 மணிக்குத் தயங்காமல் போன் செய்யலாம் என்று தோன்றுகிறதோ, அவர் வருகிற மீட்டிங் உங்களுடையது.

வெளியூர்க் கல்யாணம் வந்தால்தான் எனக்கு இன்னும் சிக்கல், மண்டபத்துக்குப் பின்னால் மச்சான்கள் எதற்குக் கூடுவார்கள் என்று தெரியும். அந்த ஊரில் எந்தக் கிழமை மீட்டிங் என்று பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் போடுகிறேன்.