ரிவால்வரில் கேஸ் சிக்கினால் எஜெக்டர் ராடை அடிக்காதீர்கள்

போன ஞாயிறு டெக்சஸில் நான் வழக்கமாகப் போகும் துப்பாக்கி ரேஞ்சில், பக்கத்து மேஜையில் ஒரு தம்பி. கையில் புது .22 ரிவால்வர். ஆறு தோட்டாவும் சுட்டு முடித்து, சேம்பர் எனும் தோட்டா அறைகள் உள்ள சிலிண்டரைத் திறந்து, கேஸ்களை, அதாவது சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூடுகளை, வெளியே தள்ளும் எஜெக்டர் ராடை அழுத்தினார். பாதி தூரம் போய் நின்றுவிட்டது. உடனே ராடின் நுனியை மேஜை விளிம்பில் வைத்து உடம்பு எடையோடு ஒரு அமுக்கு. நான் எழுந்து போவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. கோபம் அவர் மேல் இல்லை. பத்து வருஷத்துக்கு முன் இதையே நான் பிளாஸ்டிக் சுத்தியலால் செய்தவன்.

கேஸைச் சிக்க வைக்கும் தவறுகளில் சுத்தம் செய்யாமல் வைப்பது, தோட்டாவைச் சட்டைப்பையில் பஞ்சோடு போட்டுக்கொள்வது இதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். விட்டுவிடுகிறேன்.

ராடை அடிப்பது

பக்கவாட்டில் திறக்கும் சிலிண்டரில் ஆறு கேஸையும் ஒரே நேரத்தில் தள்ளுவது நடுவிலிருக்கும் நட்சத்திர வடிவத் துண்டு, எக்ஸ்ட்ராக்டர் ஸ்டார். ஒவ்வொரு கேஸிலும் ரிம்மின், அதாவது அடிவிளிம்பின், ஒரு சின்னத் துண்டைத்தான் அது பிடித்திருக்கிறது. .22 போல ஊசி ரிம்மில் அடித்து வெடிக்கும் ரிம்ஃபயரில் ரிம் என்பது மடித்த பித்தளைத் தகடு. உள்ளே இருக்கும் பற்றவைக்கும் மருந்தை ஊசி நசுக்குவதற்காகவே மெல்லியதாக விட்டிருக்கிறார்கள். ஓங்கி அடித்தால் ரிம் வளையும், ஸ்டார் அதைத் தாண்டிக் குதிக்கும், கேஸ் ஸ்டாருக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் சிலிண்டர் மூடாது.

எனக்கு அதைவிட மோசம். ராடு வளைந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சிலிண்டரைச் சுழற்றிப் பார்த்தபோது ராடின் நுனி தள்ளாடியது. சில சேம்பருக்கு மட்டும் ட்ரிகர் கனத்தது. துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித் அதை நிமிர்த்திக் கொடுத்துவிட்டு, கூலியோடு ஒரு முறைப்பும் சேர்த்தே தந்தார். கூலி மறந்துவிட்டது.

என்ன செய்திருக்க வேண்டும்? குழல் வாயை வானம் பார்க்கப் பிடித்து, உள்ளங்கையால் ராடை ஒரே வீச்சில் சட்டென்று தட்ட வேண்டும். கரியும் வேகாத மருந்துத் துகளும் ஸ்டாருக்கு அடியில் விழாமல் கீழே கொட்டிவிடும். அதற்கும் வரவில்லையா, நிறுத்துங்கள். எல்லாம் வெறும் கேஸ்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். ரிம்மில் ஊசித் தடம் இருப்பதால் வெடித்துவிட்டது என்று நம்பக்கூடாது. வெடிக்காமல் போன தோட்டாவிலும் அதே தடம் இருக்கும். சேம்பரின் முன்வாயில் சாய்வாக டார்ச் அடித்தால் வெறும் கேஸ் பொந்தாகத் தெரியும், உயிர்த்தோட்டா ஈய மூக்கைக் காட்டும். மூக்கு தெரிந்தால் குத்தாதீர்கள், நெம்பாதீர்கள். ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிடுங்கள்.

வெறும் கேஸ்தான் என்றால், 5 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான பித்தளைக் கம்பியை முன்பக்கமாக விட்டு, ஒவ்வொன்றாகத் தட்டி எடுங்கள். எந்தச் சேம்பரில் எது சிக்கியது என்று மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். ஆறிலும் சிக்கினால் அழுக்கு, இல்லையென்றால் அந்தப் பெட்டித் தோட்டா. ஒன்றிலேயே திரும்பத் திரும்பச் சிக்கினால் அந்தச் சேம்பரில்தான் பிசகு. வெளியே வந்த கேஸை வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள்: ரிம்மை ஒட்டி ஒரு பக்கம் மட்டும் கீறலா, வாய்ப்பக்கம் கறுப்பு வளையமா. பாதி விடை அங்கேயே இருக்கும்.

ஷார்ட் சுட்டுவிட்டு லாங் ரைஃபிள் போடுவது

கறுப்பு வளையத்தின் கதை இது. 1857-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரோடு வந்தது .22 ஷார்ட் என்ற குட்டைத் தோட்டா. லாங் ரைஃபிள் என்ற நீளத் தோட்டா 1887-இல். தடிமன் ஒன்றேதான், கேஸ் நீளம் ஷார்ட்டுக்கு 10.7 மில்லிமீட்டர், லாங் ரைஃபிளுக்கு 15.6. ஷார்ட் சுடச்சுட, அதன் வாய்க்கு முன்னால் மெழுகும் ஈயமும் கரியும் சேர்ந்து ஒரு வளையமாக இறுகும். பிறகு லாங் ரைஃபிள் போட்டால் கட்டைவிரலால் அழுத்தித்தான் நுழைக்க வேண்டியிருக்கும். சுட்டதும் அதன் வாய் அந்த வளையத்திலேயே விரிந்து கவ்விக்கொள்ளும். கட்டைவிரல் வலித்தால் அதுதான் எச்சரிக்கை. கரியைக் கரைக்கும் சால்வெண்ட் விட்டு கால் மணி நேரம் ஊறவைத்து, வெண்கல பிரஷ்ஷால் தேயுங்கள். ட்ரில்லில் பிரஷ்ஷை மாட்டிச் சுற்றும் யோசனையை யூட்யூபோடு விட்டுவிடுங்கள். இரண்டும் சுடுவதாக இருந்தால் லாங் ரைஃபிளை முதலில் முடித்துவிடுங்கள்.

காலிச் சேம்பரில் ட்ரை ஃபயர்

தோட்டா இல்லாமல் ட்ரிகரை இழுத்தால், ரிம்மே இல்லாத இடத்தில் ஊசி சேம்பரின் விளிம்பைக் கொத்தும். மயிரளவு பிசிறு எழும்பும். கேஸில் ஒரு பக்கம் மட்டும் விழுகிற கீறல் இதனால்தான். கையேடு அனுமதித்தால் ஒழிய வேண்டாம். பிசிறை நீங்களே அரத்தால் ராவ வேண்டாம். விளிம்பை அழுத்திச் சரிசெய்யும் தனிக் கருவி இருக்கிறது.

மேக்னம் சிலிண்டரில் லாங் ரைஃபிள்

.22 மேக்னம் இன்னும் தடித்த கேஸுள்ள தோட்டா. அதன் சிலிண்டரில் லாங் ரைஃபிள் நுழையும். 0.4 மில்லிமீட்டர் தொளதொளப்பு. கேஸ் உப்பிப் பிளக்கும். கூடாது.

சேம்பரில் எண்ணெய்

துடைத்து உலர விடுங்கள்.

அந்தத் தம்பியின் ராடு வளையவில்லை, பிழைத்தார். ஒரு கேஸ் மட்டும் ஸ்டாருக்கு அடியில். ராடை முழுசாக அழுத்திப் பிடிக்கச் சொல்லி, ட்வீசரால் பக்கவாட்டில் நகர்த்தி எடுத்தேன். ரிம் ஒரு பக்கம் காது மாதிரி மடிந்திருந்தது. பெட்டியில் போட்டு எடுத்துப்போனார்.