ஸ்கெட்சில் அளவு இடுதல்: ஒரு படகுத் தட்டை வைத்து விளக்கம்

திருகோணமலை உள்துறைமுகக் கரையிலும் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலும் படகு வேலை செய்பவர்களுக்கு உப்புக்காற்றில் துருவேறிய இரும்புத் தட்டு ஒரு புதினமல்ல. வலை இழுக்கும் கப்பியைப் படகின் தளத்தோடு பிடித்து வைத்திருக்கும் அடித்தட்டு உதிரத் தொடங்கினால், அதே துளைகளில் பொருந்தும் புதிய தட்டொன்றை வெட்டிப் போட்டே ஆகவேண்டும். பழைய தட்டையே உலோகத் தகட்டின் மேல் வைத்துக் கோடு கீறி வெட்டுவது ஒரு வழி. லேசர் அல்லது பிளாஸ்மா இயந்திரத்தில் வெட்டுவதானால் கணினியில் வரைந்த கோப்பு வேண்டும். அந்தக் கோப்பு சரியாக அமைவதும் பிழைப்பதும் ஸ்கெட்சில், அதாவது கணினியில் தட்டையாக வரையும் அடிப்படை வடிவத்தில், நாம் இடும் அளவுகளைப் பொறுத்தது. உயர்தரத்தில் பொறியியல் தொழினுட்பவியல் படிக்கும் மாணவர்களையும், பட்டறையில் நின்றபடி கணினி வரைகலை பழகும் இளைஞர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

விளக்கத்துக்கு ஃபிரீகாட் என்ற கணினி வரைதல் மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். அது இலவசமானது, விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்றிலும் இயங்குவது. 2024 நவம்பரில் வெளிவந்த அதன் 1.0 பதிப்பில் அளவிடும் கருவிகள் ஒன்றாக இணைக்கப்பட்டு, பழகுவதற்கு எளிதாகியுள்ளன. சொலிட்வேர்க்ஸ், ஃபியூஷன் போன்றவற்றைப் பயன்படுத்துபவர்களுக்குப் பொத்தான்களின் பெயரும் இடமும் மாறுமே தவிர, அடிப்படை முறை ஒன்றுதான்.

வரைவதற்கு முன் அளத்தல்

கணினியைத் திறக்குமுன் ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள்: இந்தத் தட்டில் எது மாறவே கூடாது? தட்டின் வெளி நீளம் இரண்டு மில்லிமீற்றர் கூடினாலும் குறைந்தாலும் கப்பி வேலை செய்யும். ஆனால் படகின் தளத்தில் ஏற்கெனவே துளைத்திருக்கும் நான்கு துளைகளோடு புதிய தட்டின் துளைகள் ஒத்துவராவிட்டால் தட்டு வீண். ஆகவே துளைகளுக்கு இடையிலான தூரமே இங்கு முதன்மையான அளவு. மற்றவை அதைப் பின்பற்றி வரவேண்டியவை. இந்த முடிவை எடுக்காமல் ஸ்கெட்சைத் தொடங்குபவர்கள், கண்ணில் முதலில் படும் வெளி நீளத்துக்கும் அகலத்துக்கும் அளவு போட்டுவிட்டு, துளைகளை விளிம்பிலிருந்து கணக்குப் பார்த்து வைக்கிறார்கள். அப்போது விளிம்பில் நேர்ந்த சிறு பிழையும் துளைக்குப் போய்ச் சேர்கிறது.

அளக்கும்போது துருப்பிடித்த பழைய தட்டை நம்பாதீர்கள். துரு தின்ற துளை வட்டமாக இருப்பதில்லை. தளத்திலுள்ள துளைகளை அளப்பதே நல்லது. இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையிலான தூரத்தை நேரடியாக அளக்க முடியாது, ஏனென்றால் மையத்தில் தொட்டுப் பார்க்க ஒன்றுமில்லை. அதற்கு வேணியர் இடுக்கிமானியால் இரண்டு வாசிப்புகள் எடுங்கள். உட்பக்கத் தாடைகளை இரண்டு துளைகளுக்குள்ளும் விட்டு, ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள விளிம்புகளுக்கு இடைப்பட்ட தூரத்தை முதலில் வாசியுங்கள். பின்னர் வெளிப்பக்கத் தாடைகளால் துளைகளுக்கு இடையே உள்ள சுவரைப் பிடித்து, அண்மையிலுள்ள விளிம்புகளின் தூரத்தை வாசியுங்கள். முதல் வாசிப்பு 101.2, இரண்டாவது 78.8 என்று வந்தால், இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 90.0 மில்லிமீற்றர் கிடைக்கும். அதுவே மையத் தூரம். இந்த முறையின் சிறப்பு என்னவென்றால், இரு துளைகளின் விட்டமும் சமமாக இல்லாவிட்டாலும் விடை மாறுவதில்லை.

இங்கு ஒரு எச்சரிக்கை அவசியம். வாசிப்பு 88.9க்கு அண்மையில் வந்தால் அதை 90 என்றோ 89 என்றோ முழுமையாக்கிவிடாதீர்கள். ஒரு அங்குலம் 25.4 மில்லிமீற்றர், மூன்றரை அங்குலம் சரியாக 88.9 மில்லிமீற்றர். அங்குலத்திலும் நூலிலும் கணக்குப் பார்த்துச் செய்த பழைய தட்டுகளில் இத்தகைய எண்கள் வருவது இயல்பு. ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டிலொன்று, அதாவது 3.175 மில்லிமீற்றர் என்பதை நினைவில் வைத்தால், வாசிப்பில் வரும் விசித்திரமான தசமங்களின் மூலம் பெரும்பாலும் புலப்பட்டுவிடும். ஃபிரீகாட்டில் அளவைத் தட்டும்போது எண்ணுக்குப் பின்னால் அங்குலத்துக்கான அலகைச் சேர்த்தால், மாற்றுக் கணக்கை மென்பொருளே செய்துகொள்ளும்.

நமது உதாரணத்தில் துளைகளின் தூரம் கிடையாக 90, நிலைக்குத்தாக 50 என்று கொள்வோம். 10 மில்லிமீற்றர் போல்ட் போகவேண்டிய துளைக்கு 11 மில்லிமீற்றர் விட்டம் வைப்பது, போல்ட் துளைகளுக்கான சர்வதேச நியமமான ஐஎஸ்ஓ 273இன் நடுத்தரப் பொருத்தம்; தளத்தில் அளந்தபோது 11.2 வந்திருந்தாலும் தேய்ந்த துளையின் அளவைப் புதிய தட்டில் நகலெடுக்கத் தேவையில்லை. நடுவே கப்பியின் தண்டுக்கு 40 மில்லிமீற்றர் துளையும், துளை மையத்திலிருந்து விளிம்புவரை சுற்றிலும் 15 மில்லிமீற்றரும் வேண்டும்.

முதலில் வடிவம், பிறகு அளவு

ஸ்கெட்சர் பகுதிக்குள் சென்று, மேலிருந்து பார்க்கும் தளத்தில் புதிய ஸ்கெட்சைத் திறந்து, மூலை வளைந்த செவ்வகக் கருவியால் ஆதிப்புள்ளியைச் சுற்றி ஏறத்தாழ உண்மை அளவிலேயே ஒரு செவ்வகத்தை வரையுங்கள். ஏறத்தாழ உண்மை அளவு என்பதை அழுத்திச் சொல்கிறேன். அரை மீற்றர் செவ்வகத்தை வரைந்துவிட்டு அதில் 15 மில்லிமீற்றர் ஆரையை முதலில் கொடுத்தால், கோடுகள் புரண்டு வடிவம் உருக்குலையலாம். அளவுகளை இடும்போதும் பெரியதை முதலில் இட்டுச் சிறியதைப் பின்னர் இடுவது இதற்காகத்தான்.

அடுத்து, இடது மேல் மூலையிலுள்ள வில்லின் மையத்தையும் வலது கீழ் மூலையிலுள்ள வில்லின் மையத்தையும் தெரிந்து, மூன்றாவதாக ஆதிப்புள்ளியையும் தெரிந்து, சமச்சீர்க் கட்டுப்பாட்டைக் கொடுங்கள். கட்டுப்பாடு என்பது கோடுகளும் புள்ளிகளும் எப்போதும் மீறக்கூடாத விதி. தட்டின் நடு ஆதிப்புள்ளியில் வந்து நிலைக்கும். பின்னர் ஒவ்வொரு மூலை வில்லின் மையப்புள்ளியிலும் சொடுக்கி ஒரு வட்டமும், ஆதிப்புள்ளியில் ஒரு பெரிய வட்டமும் வரையுங்கள். தானியங்கிக் கட்டுப்பாடு இயங்கும் நிலையில் இருந்தால் மையங்கள் தாமாகவே ஒன்றிக்கொள்ளும். நான்கு சிறிய வட்டங்களையும் தெரிந்து சமம் என்ற கட்டுப்பாட்டைக் கொடுத்துவிட்டால் வடிவ வேலை முடிந்தது.

இதுவரை ஓர் எண்ணையும் நாம் தட்டவில்லை. ஆயினும் ஸ்கெட்சின் பக்கப் பலகையைப் பார்த்தால், இன்னும் ஐந்து விதமாக மட்டுமே இது அசைய முடியும் என்று மென்பொருள் காட்டும். அந்த ஐந்தும் எவை என்று நீங்களே சொல்லிப் பாருங்கள்: துளைகளின் கிடைத் தூரம், நிலைக்குத்துத் தூரம், மூலை ஆரை, சிறு துளையின் விட்டம், நடுத் துளையின் விட்டம். நாம் படகில் நின்று எடுத்த ஐந்து அளவுகளும் இவையேதான். அசைவுகளின் எண்ணிக்கையும் கையிலுள்ள அளவுகளின் எண்ணிக்கையும் இப்படிப் பொருந்தினால், வடிவக் கட்டுப்பாடுகள் சரியாக அமைந்துள்ளன என்று நம்பி மேலே போகலாம். எண் கூடுதலாக இருந்தால் ஏதோ ஒரு சமம் அல்லது சமச்சீர் விடுபட்டிருக்கிறது. அந்த ஓட்டையை ஆறாவது அளவொன்றால் அடைக்க முற்படாமல், விடுபட்ட கட்டுப்பாட்டைத் தேடிப் போடுங்கள். கோடொன்றைச் சுட்டியால் பிடித்து இழுத்தால் எது தளர்ந்திருக்கிறது என்று உடனே தெரியும்.

கட்டுப்பாடுகளை நிறைவு செய்யும்படி கோடுகளைக் கணினியே ஒழுங்கு செய்யும் இந்த எண்ணம் புதியதல்ல. ஐவன் சதர்லண்ட் 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்த, ஸ்கெட்ச்பேட் என்ற வரைதல் நிரல் பற்றிய ஆய்விலேயே அது செயல்பட்டது. இன்று மடிக்கணினியுள்ள எந்த மாணவருக்கும் அது கைக்கு எட்டுகிறது என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி.

இனி அளவிடுவோம். அளவிடும் கருவிக்கு விசைப்பலகையில் டி என்ற எழுத்தை அழுத்துங்கள். மேலுள்ள இரண்டு வில் மையங்களையும் சொடுக்கி, சுட்டியை மேலே நகர்த்திக் கிடைத் தூரம் தோன்றியதும் சொடுக்கி 90 என்று தட்டுங்கள். இடப்பக்கத்து இரண்டு மையங்களுக்கு நிலைக்குத்தாக 50. மூலை வில்லொன்றுக்கு ஆரை 15. ஏதேனும் ஒரு சிறு வட்டத்துக்கு விட்டம் 11. நடு வட்டத்துக்கு விட்டம் 40. முழு வட்டத்துக்கு விட்டத்தையும் வில்லுக்கு ஆரையையும் கொடுப்பது வரைதல் மரபு. கருவி வேறொன்றைக் காட்டினால் எம் எழுத்தை அழுத்தி மாற்றிக்கொள்ளலாம். ஐந்தாவது அளவு விழுந்ததும் கோடுகள் எல்லாம் பச்சையாக மாறும். முழுமையாகக் கட்டுப்பட்ட ஸ்கெட்ச் என்பதற்கு அதுவே அடையாளம்.

சாய்ந்த கோடுகள் உள்ள வடிவங்களில் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு புள்ளிகளுக்கு இடையே கிடைத் தூரம், நிலைக்குத்துத் தூரம், நேர்த் தூரம் என மூன்று அளவுகள் சாத்தியம்: கிடையாக 40, நிலைக்குத்தாக 30 என்றால் நேராக 50. பட்டறையில் அளவுகோலை எப்படி வைத்து அளப்பார்களோ அந்தத் தூரத்தையே ஸ்கெட்சிலும் இடுங்கள்.

மிகையான அளவும் காட்டி அளவும்

தட்டின் வெளி நீளம் 120, அகலம் 80 என்று எங்கும் எழுதவில்லையே என்ற குறை இப்போது தோன்றும். 90உடன் இருபுறமும் 15 சேர்ந்து 120 ஆகிறது. 50உடன் அவ்வாறே சேர்ந்து 80 ஆகிறது. அவற்றையும் கட்டுப்பாடாக இட முயன்றால், இது மிகையானது என்று மென்பொருள் அறிவிக்கும். எண் சற்று மாறியிருந்தால் முரணானது என்று மறுக்கும். அந்த அறிவிப்பைக் கண்டதும் கையில் கிடைத்த ஏதோவொரு கட்டுப்பாட்டை அழித்துப் பச்சை நிறத்தை மீட்பது தவறான பழக்கம். அழிபட்டது துளைத் தூரமாக இருந்துவிட்டால் முதன்மையான அளவையே இழந்துவிடுவீர்கள். வெளி நீளத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், அதைக் காட்டி அளவாக மாற்றுங்கள். அது வடிவத்தை ஆளாது, வடிவம் எவ்வளவு என்று மட்டும் சொல்லும். ஃபிரீகாட் அதை நீல நிறத்தில் வேறுபடுத்திக் காட்டும்.

ஒரே தட்டைப் பல படகுகளுக்குச் செய்ய வேண்டியிருந்தால், முதன்மை அளவுகளுக்குப் பெயர் வையுங்கள். அளவை இருமுறை சொடுக்கினால் திறக்கும் பெட்டியில் பெயருக்கும் இடமுண்டு. வெற்றிடம் இல்லாமல், ஆங்கில எழுத்தும் அடிக்கோடும் மட்டும் சேர்ந்த பெயர் சூத்திரங்களில் சிக்கல் தராது. நடுத் துளையின் விட்டம் போல்ட் விட்டத்தின் நான்கு மடங்கு போன்ற உறவுகளை மதிப்புப் பெட்டியில் சமன் குறியிட்டுச் சூத்திரமாகவே எழுதலாம். ஆனால் உண்மையில் உறவு இல்லாத இரண்டு எண்களை, இன்று தற்செயலாகப் பொருந்துகின்றன என்பதற்காகச் சூத்திரத்தால் பிணைக்காதீர்கள்.

ஸ்கெட்ச் முடிந்ததும் தேவையான தடிப்புக்கு அதை உயர்த்தித் திண்மமாக்குவது ஒரு சொடுக்கு வேலை.

பட்டறைக்குப் போகும் தாள்

ஸ்கெட்சிலுள்ள அளவு கணினிக்கானது. தாளிலுள்ள அளவு வெட்டுபவருக்கானது. ஃபிரீகாட்டின் டெக்டிரா பகுதியில் தாளை உருவாக்கும்போது அளவுகளை மீண்டும் இடவேண்டும். அங்கே வெளி நீளம் 120ஐயும் காட்டலாம், ஆனால் அது கணித்துப் பெற்ற துணை அளவு என்பதைக் குறிக்க அடைப்புக்குறிக்குள் இடுவது வழக்கம்.

ஒரே வரிசையில் பல துளைகள் உள்ள பட்டைகளில் தாளின் அளவு முறை பெரிய வித்தியாசத்தை ஏற்படுத்தும். 40 மில்லிமீற்றருக்கு ஒன்றாக நான்கு துளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவுகளில் எவ்வளவு பிழையை ஏற்கலாம் என்று கூறும் ஐஎஸ்ஓ 2768 நியமத்தின் நடுத்தர வகுப்பில், 30க்கு மேல் 120 வரையான நீள அளவுகளுக்குக் கூட்டியோ குறைத்தோ 0.3 மில்லிமீற்றர் அனுமதி உண்டு. ஒரு துளையிலிருந்து அடுத்ததற்குச் சங்கிலியாக அளவு கொடுத்தால், முதலாவதற்கும் நான்காவதற்கும் இடையில் பிழை 0.9 வரை சேரலாம். முதல் துளையிலிருந்தே 40, 80, 120 என்று கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் 0.3க்கு மேல் போகாது. துளைகள் தமக்குள் நெருக்கமாகப் பொருந்த வேண்டிய இடத்தில் சங்கிலி முறையும், ஒரு பொது நிலையோடு பொருந்த வேண்டிய இடத்தில் பொது அடியிலிருந்து அளக்கும் முறையும் ஏற்றவை. படகுத் தளத்தில் பெரும்பாலும் இரண்டாவதுதான் வேண்டியிருக்கும்.

வெட்டக் கொடுக்குமுன் தாளை அளவு மாற்றாமல், நூறு வீதத்தில் அச்சிடுங்கள். 120க்கு 80 தட்டு ஏ4 தாளில் தாராளமாக அடங்கும். அச்சுப்பொறி தாளுக்குப் பொருத்தும் தெரிவு நீக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அச்சில் வந்த 90ஐ உருக்கு அளவுகோலால் ஒருமுறை அளந்து உறுதி செய்யுங்கள். துளை வட்டங்களைக் கத்தியால் வெட்டியெடுத்துத் தாளைப் படகின் தளத்தில் வைத்து, நான்கு போல்ட்டுகளையும் அதனூடாக இறக்கிப் பாருங்கள். தாள் சுருங்காமல் நான்கும் இறங்கினால் கோப்பை அனுப்பலாம். இறங்காவிட்டால் எந்தத் திசையில் இடிக்கிறது என்று பார்த்து, அந்தத் திசைக்குரிய ஒரே எண்ணைத் திருத்துங்கள். விளிம்பும் மூலைகளும் தாமாகவே அதைப் பின்தொடரும்.