பழைய பிக்கப்பின் கிரில்லை மாற்றும்போது செய்யக் கூடாதவை

என்னிடம் இருப்பது 2006 மாடல் டாடா 207. வாங்கும்போதே கிரில்லில் இரண்டு பட்டை உடைந்திருந்தது, நிறமும் வெளுத்து சாம்பலாகிவிட்டது. புது முகம் கொடுக்கலாம் என்று கறுப்பு ஸ்ப்ரே அடித்தேன். உடைந்த இடம் தெரியாமலிருக்க, உள்பக்கமாக ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலைக் கம்பியை வெட்டி வைத்துக் கட்டினேன். மொத்தச் செலவு ஆயிரம் ரூபாயைத் தாண்டவில்லை. பார்க்க நன்றாகவே இருந்தது.

மழை பெய்து ஓய்ந்த ஓர் இரவு ஈரோட்டிலிருந்து சத்தியமங்கலம் வந்தேன். வழியெல்லாம் ஈசல். மறுநாள் காலையில் 20 மூட்டை சிமென்ட் ஏற்றிக்கொண்டு தாளவாடிக்குக் கிளம்பினேன். திம்பம் மலையில் மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவு. பாதிகூட ஏறவில்லை, ஹீட் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கினேன். பின்னால் வந்த லாரி ஓட்டுநர் இறங்கி வந்து கிரில்லை ஒரு விரலால் தடவினார். விரல் நுனியில் ஈசல் இறக்கை பசை போல ஒட்டியிருந்தது. “ஏனுங் தம்பி, வண்டி மூக்கை இப்படி அடைச்சு வெச்சிருக்கீங்களே” என்றார்.

அந்தக் கம்பியை அங்கேயே பிடுங்கி எடுத்தேன். இன்ஜின் தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டரின் மூடியில் மட்டும் கை வைக்கவில்லை. சூடாக இருக்கும்போது அதைத் திறந்தால் கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும். அரை மணி நேரம் ஆறவிட்டு ஏறினேன். அதன்பின் முள் நடுவிலேயே நின்றது.

குறைந்த செலவில் கிரில் மாற்றுபவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான். கிரில்லுக்குப் பின்னால் ரேடியேட்டர் இருக்கிறது, ஏசி வண்டியானால் அதற்கும் முன்னால் ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் இருக்கிறது. சமதரையில் வேகமாகப் போகும்போது காற்று தானாகவே உள்ளே அடிக்கும், அதனால் குறை தெரியாது. மலையில் இரண்டாவது கியரில் ஊர்ந்து ஏறும்போது இன்ஜினுக்கு வேலை அதிகம், வருகிற காற்றோ ஃபேன் இழுக்கிற அளவு மட்டும்தான். வலை எடுப்பவர்கள் கண்ணளவு பார்க்காமல் கணக்குப் போட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கம்பியில் 10 மில்லிமீட்டர் சதுர ஓட்டை என்றால், 121 சதுர மில்லிமீட்டர் இடத்தில் 100 திறந்திருக்கும். ஏறக்குறைய 83 சதவீதம். கொசுவலையில் ஓட்டையே ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். புதிதாக இருக்கும்போதே திறப்பு குறைவு, அதில் தூசும் பூச்சியும் ஒட்டினால் பாதிகூட மிஞ்சாது. 10 முதல் 12 மில்லிமீட்டர் ஓட்டையுள்ள அலுமினிய வலையோ ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) வலையோ போதும். கல்லைத் தடுக்கும், காற்றை விடும். பெயர் வெட்டிய தகரம், பெரிய ஸ்டிக்கர், முழுப் பலகை எதுவானாலும் இதே கணக்குதான். முதலில் காற்று, அப்புறம்தான் அழகு.

அடுத்தது பெயின்ட். கிரில்லைக் கழற்றாமல் செய்தித்தாளை ஒட்டி அடித்தால் ரேடியேட்டரின் மெல்லிய தகட்டுத் துடுப்புகளில் பெயின்ட் போய்ப் படியும், பட்டைகளின் பக்கவாட்டில் ஏறாது. கழற்றித்தான் அடிக்க வேண்டும். கழற்றுவதிலும் பொறுமை வேண்டும். பதினைந்து இருபது வருடம் வெயில் தின்ற பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பாதீர்கள். லாக் இருக்கும் இடத்தில் வெந்நீரில் நனைத்த துணியை இரண்டு நிமிடம் வைத்துவிட்டு மெல்லத் தள்ளினால் பிளாஸ்டிக் கொஞ்சம் இளகிக் கொடுக்கும்.

கழற்றியதும் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் பிளாஸ்டிக்கின் வகை ஏபிஎஸ் (ABS) என்றோ பிபி (PP) என்றோ சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். இந்த எழுத்தைப் பார்க்காமல் வேலையைத் தொடங்கித்தான் பலருக்குப் பெயின்ட் உரிகிறது. பிபி என்பது பாலிப்ரொப்பிலீன். அதன்மேல் சாதாரண பிரைமர் பிடிக்காது, நகத்தால் கீறினாலே தோல் மாதிரி உரிந்து வரும். பிளாஸ்டிக்குக்கென்று விற்கும் பிரைமரை முதலில் அடித்தாக வேண்டும். ஏபிஎஸ்ஸில் பெயின்ட் நன்றாகவே பிடிக்கும், ஆனால் தின்னர் பட்டால் அது கரையும். அழுக்கு எடுக்கிறேன் என்று தின்னர் துணியால் அழுத்தித் துடைத்து, பளபளப்பான கிரில்லைப் பிசுபிசுப்பாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும் போதும். டயர் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷ் படிந்திருந்தால் இரண்டு முறை கழுவுங்கள். அதிலுள்ள சிலிக்கோன் மிச்சமிருந்தால் பெயின்ட் அங்கங்கே விலகி வட்ட வட்டமாகக் குழி விழும்.

குரோம் கிரில் என்றால் உப்புத்தாள் போடாமல் அடிக்கவே கூடாது. வழவழப்பான குரோமின் மேல் எதுவும் நிற்காது. 320 நம்பரில் பளபளப்பு மங்கும் வரை தேய்த்து, 600-ல் தண்ணீர் விட்டு முடிக்க வேண்டும். கழிவறை கழுவும் ஆசிட்டில் ஊறவைத்து குரோமைக் கரைக்கும் வழியைச் சிலர் சொல்வார்கள். அந்தப் புகையும் கழிவு நீரும் வீட்டு வாசலில் வைத்துக்கொள்ளக் கூடியவை அல்ல. வேண்டாம்.

ஸ்ப்ரே அடிக்கும்போது ஒரே பூச்சில் கறுப்பாக்கிவிட ஆசை வரும். ஒரு சாண் தூரத்தில் கேனைப் பிடித்து, முதல் பூச்சில் அடிநிறம் தெரியும்படி லேசாக அடித்து, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு அடுத்தது, பிறகு இன்னொன்று. மழை ஈரம் உள்ள நாளில் அடித்தால் வெள்ளைப் பூத்தது போல மங்கும். மாட்டுவதற்கு ஒரு முழு நாளாவது காய வேண்டும்.

உடைந்த பட்டையை ஒட்ட உடனடிப் பசை சரிவராது. அது இறுகிக் கண்ணாடி போலாகிவிடும், டீசல் இன்ஜின் அதிர்வில் ஒரே வாரத்தில் விட்டுப்போகும். ஏபிஎஸ் என்றால் சால்டரிங் இரும்பால் பின்பக்கம் உருக்கி, மெல்லிய கம்பித் துண்டைப் புதைத்துச் சேர்த்துவிடலாம். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், புகை கெட்டது. வலையைக் கட்ட வெள்ளை நைலான் டை வாங்காதீர்கள், வெயிலில் சில மாதத்தில் அறுந்து விழும். கறுப்பு டை வெயிலைத் தாங்கும். சின்ன போல்ட்டும் வாஷரும் போட்டால் இன்னும் நல்லது. வலையை நேராக வெட்டிவிடாமல், முதலில் பழைய காலண்டர் அட்டையில் அளவு வெட்டிப் பாருங்கள். பானெட் லாக் பல வண்டிகளில் கிரில்லுக்கு ஒட்டியேதான் இருக்கும். அட்டையை வைத்துப் பார்க்கும்போதே அது முட்டுகிறதா என்று தெரிந்துவிடும்.

கிரில்லுக்குள் எல்இடி பார் வைப்பவர்கள் ஒயரை ஹெட்லைட் ஒயரிலேயே முறுக்கி விடுகிறார்கள். 120 வாட் பார் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். பழைய ஸ்விட்ச் ஏற்கெனவே இரண்டு ஹெட்லைட்டையும் சுமந்து கொண்டிருக்கிறது, இதையும் சேர்த்தால் அது உருகும். தனி ரிலே, ஃபியூஸ் இல்லாமல் வைக்கவே வேண்டாம். முன்பக்கம் சிவப்பு விளக்கு சட்டப்படி கூடாது. எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும் எந்த விளக்கும் வேண்டாம் என்பேன், இரவில் பைக்கில் வந்து பார்த்தவர்களுக்கு அதன் கொடுமை தெரியும்.

இரும்பு பம்பர் கார்டு பற்றி ஒரு வார்த்தை. கிரில் வேலையோடு சேர்த்து அதையும் வெல்டிங் வைத்துவிடலாம் என்று டிங்கரிங் கடையில் ஆசை காட்டுவார்கள். அங்கீகாரமில்லாத கிராஷ் கார்டுகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. நடந்து போகிறவர் மீது அந்த இரும்பு பட்டால் அடி பலமடங்கு. சேஸில் நேராக வெல்டிங் வைத்தால் மோதலின் அடி முழுவதும் சேஸுக்கே போகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்சியில் (பதிவுச் சான்றில்) உள்ள விவரம் மாறும்படியான மாற்றங்களைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்று வந்தது. கிரில்லுக்குக் கறுப்பு அடிப்பதால் ஆர்சியில் எதுவும் மாறாது. நம்பர் பிளேட்டை மறைக்காமல், கூர்மையான முனை வெளியே நீட்டாமல் இருந்தால் போதும்.

எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு ஒவ்வொரு வருடமும் எஃப்சி (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும். அப்போது தேவைப்பட்டால் திரும்ப மாட்ட ஒரிஜினல் கையில் இருக்கட்டும், அதனால் அதை வெட்டிப் பழகாதீர்கள். சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தையில் கிரில் ஒன்று தேடி வாங்கி அதில் கை வையுங்கள், ஒரிஜினலைச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டுவிடலாம்.

என் 207-ல் இப்போது மேட் கறுப்பு கிரில், பின்னால் 12 மில்லிமீட்டர் அலுமினிய வலை. மாட்டிய முதல் வாரத்தில் எல்லா போல்ட்டையும் ஒருமுறை மறுபடி இறுக்கினேன், இரண்டு தளர்ந்திருந்தன. ஈசல் பறந்த மறுநாள் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது, பானெட்டைத் திறந்து உள்பக்கத்திலிருந்து வெளியே பார்த்துத் தோட்டத்துக் குழாயால் தண்ணீர் அடிக்கிறேன். வாட்டர் சர்வீஸ் கடையின் பிரஷர் கன்னை ரேடியேட்டர் பக்கம் காட்ட விடுவதில்லை. அதன் வேகத்தில் துடுப்புகள் மடங்கிவிடும்.