மாற்றிப் பெற்ற டைம்ஷேர் வாரத்தை வாடகைக்கு விடுவதில் நடக்கும் தவறுகள்

அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் சொந்தமாக ஒரு டைம்ஷேர் வாரம், அதாவது ஒரு ரிசார்ட்டில் ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் உரிமை. அதை வாரங்களை மாற்றித் தரும் எக்ஸ்சேஞ்ச் நிறுவனங்களான ஆர்சிஐயிலோ இன்டர்வெல் இன்டர்நேஷனலிலோ கொடுத்து ஹவாயில் ஒரு வாரம் வாங்கியாயிற்று. கடைசி நேரத்தில் போக முடியவில்லை. யாருக்காவது வாடகைக்கு விட்டால் சொந்த ரிசார்ட்டுக்குக் கட்டும் பராமரிப்புக் கட்டணமாவது தேறுமே என்று தோன்றும். வம்பு தொடங்குவது அங்கேதான்.

சொந்த வாரம் வேறு, மாற்றிப் பெற்ற வாரம் வேறு. சொந்த வாரத்தை வாடகைக்கு விட ரிசார்ட் விதிகள் பொதுவாக இடம் கொடுக்கும். மாற்றிக்கொள்வதற்காக ஒப்படைத்துவிட்டால் (இதைத்தான் டெபாசிட் என்கிறார்கள்) அந்த வாரம் எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்தின் கைக்குப் போய்விடும். பதிலுக்குக் கிடைப்பது அவர்கள் நிபந்தனைப்படி தங்கிக்கொள்ள அனுமதி மட்டுமே. அதை வாடகைக்கு விடக் கூடாது என்பது இரண்டு நிறுவனங்களிலும் விதி. இன்டர்வெல் உறுப்பினர்களுக்கு மலிவாக விற்கும் ‘கெட்அவே’ வாரங்களும் இதில் அடக்கம். டெபாசிட்டில் சேரும் வாரங்களில் சிலவற்றை நிறுவனங்களே காசுக்கு விற்கும்போது நமக்கு மட்டும் தடையா என்ற எரிச்சல் நியாயம்தான். ஆனாலும் நாம் ஏற்றுக்கொண்ட நிபந்தனை அது.

அதிகம் பேர் ஏமாறுவது கெஸ்ட் சர்டிபிகேட் விஷயத்தில். கட்டணம் கட்டி விருந்தினர் பெயரில் வாங்கியாகிவிட்டதே, இனி என்ன என்று நினைக்கிறார்கள். உறவினருக்கோ நண்பருக்கோ சும்மா கொடுப்பதற்கான சீட்டு அது. விற்பதற்கானது அல்ல. இன்டர்வெல் விதியில் ஏலமும் சேர்த்தே தடை. ஆகவே பள்ளி நிதிக்காக நடக்கும் ஏலத்துக்கு அந்த வாரத்தை நன்கொடையாகத் தருவதும் ஆபத்து. விருந்தினர் அறையில் எதையாவது உடைத்தால் பில் உறுப்பினர் தலையில்தான் விழும்.

எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? விளம்பரத்தில் ரிசார்ட் பெயர், செக்-இன் தேதி, எத்தனை படுக்கையறை என்ற மூன்றும் இருந்தால் போதும், நிறுவனத்தின் பதிவோடு ஒப்பிட்டுவிடலாம். பல சமயம் அதுகூட வேண்டாம். வாடகைக்கு எடுத்தவரே ரிசார்ட்டுக்குப் போன் செய்து, “1,200 டாலர் கொடுத்திருக்கிறேன், என் பெயரில் புக்கிங் இருக்கிறதா?” என்று கேட்டுவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. பணம் கொடுத்தவர் கேட்கத்தான் செய்வார்.

பிடிபட்டால் முன்பதிவு ரத்தாகும், எக்ஸ்சேஞ்ச் கட்டணம் திரும்பாது. உறுப்பினர் கணக்கையே முடக்கினால் அதில் கிடக்கும் மற்ற டெபாசிட்டுகளும் மாட்டிக்கொள்ளும். வாடகைதாரரோ விமான டிக்கெட்டோடு நிற்பார். கார்டில் கட்டியிருந்தால் வங்கி மூலம் பணத்தைத் திரும்பப் பிடுங்குவார், இல்லையேல் சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போவார்.

வாடகை வருமானம்தான் நோக்கம் என்றால் டெபாசிட் செய்யும் முன்பே முடிவெடுத்து, சொந்த வாரத்தையே வாடகைக்கு விடுங்கள். இதிலும் ஒரு கண்ணி உண்டு. இன்டர்வெல்லின் ‘ரிக்வெஸ்ட் ஃபர்ஸ்ட்’ முறையில் மாற்று வாரம் தேடச் சொன்னால், அது உறுதியாகும்வரை உங்கள் வாரம் உங்களிடமே இருக்கும். அந்தத் தேடலை நிறுத்தாமல் இன்னொரு பக்கம் வாடகைக்கு ஆள் பிடித்தால், ஒருநாள் மாற்று வாரம் உறுதியாகி, வாடகைக்குப் பேசிய வாரம் கைவிட்டுப் போகும். ஆகவே முன்பணம் வாங்கும் முன் தேடலை ரத்து செய்துவிடுங்கள்.

பராமரிப்புக் கட்டணம் பாக்கி இருந்தால் விருந்தினரை ரிசார்ட் உள்ளே விடாது என்பதால் அதையும் முதலில் தீர்க்க வேண்டும். பிறகு முன்பதிவில் வாடகைதாரரின் பெயரை ரிசார்ட் மூலமாகவே சேர்த்து, எழுத்தில் உறுதி வாங்குங்கள். ஒப்பந்தத்தில் தேதிகள், அறை அளவு, செக்-இன்னில் ரிசார்ட் கேட்கும் பிணைத்தொகை, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதெல்லாம் இருக்கட்டும். வரியையும் மறக்க வேண்டாம்: ஆர்லாண்டோ இருக்கும் ஆரஞ்சு கவுண்டியில் (மாவட்டம் போன்றது) இத்தகைய குறுகிய கால வாடகைக்கு மாநில, கவுண்டி வரிகள் சேர்ந்து 12.5%.

மாற்றிப் பெற்ற வாரத்துக்கு ஏற்கெனவே பணம் வாங்கிவிட்டீர்களா? விளம்பரத்தை எடுத்துவிட்டு, அவர் பயணம் கிளம்பும் முன்பே முழுத் தொகையையும் திருப்பிக் கொடுங்கள். வேறு இடம் பார்க்க அவருக்கு அவகாசம் இருக்கும்போதே சொன்னால் பெரும்பாலும் சமாதானமாக முடியும்.