யார்க் நகரை இருவராகச் சிக்கனமாகச் சுற்ற

நண்பருடன் இங்கிலாந்தின் யார்க் நகருக்குச் செல்வோர், பயணச்சீட்டு எடுக்கும் முன்பே ‘டூ டுகெதர்’ ரயில் அட்டையை வாங்கிவிட வேண்டும். இருவரும் சேர்ந்தே பயணிக்க வேண்டும், வார நாட்களில் காலை 9.30க்குப் பிறகே செல்லுபடியாகும் என்ற நிபந்தனைகள் இருந்தாலும், கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே தெரியும் இடைக்கால மதில்மேல் ஏறத்தாழ 3.4 கிலோமீட்டர் தூரம் காசின்றி நடக்கலாம். பாதை குறுகலானது, சில இடங்களில் உட்புறத்தில் தடுப்பும் இல்லை என்பதால், முதுகுப்பையை விடுதியில் வைத்துவிட்டு ஒருவர்பின் ஒருவராகச் செல்லுங்கள். இருட்டும் முன் வாயில்களைப் பூட்டிவிடுவார்கள். மின்ஸ்டர் பேராலயத்தைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் உண்டு, அதுவும் சற்று அதிகம்தான். ஆனால் மாலை வழிபாட்டுக்கு வருவோரிடம் எதுவும் வாங்குவதில்லை. தேசிய ரயில்வே அருங்காட்சியகமும் இலவசமே. 1938இல் மணிக்கு ஏறத்தாழ 203 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்ட ‘மல்லார்ட்’ நீராவி எஞ்சினை அங்கே பார்க்கலாம்.